நடந்தால் அணைகிறது

அந்த வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் பேசிக்கொள்வதை நிறுத்திச் சில வாரங்கள் ஆகியிருந்தன. காரணத்தைக் கேட்டால் இருவருக்குமே சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். குளியலறைத் தாழ்ப்பாளை யார் உடைத்தது என்பதில் தொடங்கிய பேச்சு, இந்த வீடு யாருடையது என்பதில் போய் முட்டி நின்றுவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்ட மனிதன் ஒருத்திக்குக் கணவன், இன்னொருத்திக்கு அண்ணன். "உப்பு எங்கேன்னு அவளைக் கேளுங்க." "அடுப்புக்குப் பின்னாடி இருக்குன்னு சொல்லு அண்ணா." ஒரே சமையலறையில் தோளோடு தோள் இடிக்க நின்றுகொண்டு இரண்டு பேரும் இப்படித்தான் பேசினார்கள். தபால்காரன் வேலை நன்றாகப் பழகிவிட்டது என்று அவன் சிரித்துக்கொண்டான்.

வீட்டில் அது சிரிப்போடு போயிற்று. வேலை செய்யும் இடத்தில்தான் வினையாக வந்து விடிந்தது.

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில். ஆறு கடலில் சேரும் இடத்தின் நீரையும் சேற்றையும் சோதித்துப் பார்க்கும் சின்ன நிலையம் அது. அண்ணி கருவியறையைப் பார்த்துக்கொண்டாள். மூன்று பக்கச் சுவரிலும் இரும்பு அலமாரிகள், ஜன்னலோரம் நீண்ட மேஜை, கழுத்தை வளைத்து நிற்கும் விளக்கு, அளவு வாரியாக மாட்டிய திருப்புளிகள். வெளியே போகிறவர்களுக்கு வேண்டிய கருவிகளைச் சரிபார்த்துச் சுவரிலிருந்த சின்னத் திறப்பு வழியாக எடுத்துக் கொடுப்பாள். திரும்பி வந்ததும் சேற்றைக் கழுவித் துடைத்து அடுக்கி வைப்பாள். எல்லோரும் அவளைக் கருவியறைக்காரி என்றே சொன்னார்கள்.

நாத்தனாருக்கு வெளிவேலை. கடல் வற்றும் நேரத்தில் சேற்றுவெளிக்குள் நடந்து போய், குறித்த இடங்களில் சேறு எடுத்துக் குப்பிகளில் அடைத்துக்கொண்டு, கடல் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். துணைக்கு ஓர் ஆள். அவனை நெட்டை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சேற்றுவெளியில் திசை தெரிந்தால் மட்டும் போதாது. பார்வைக்குத் தட்டைப் பாயாக விரிந்து கிடக்கும். ஓர் அடி தள்ளி வைத்தால் தொடைவரை உள்ளே இழுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஆளை மூழ்கடிக்கும் ஓடைகளும் உண்டு. காலடித் தடம் காலை எடுத்ததுமே மூடிக்கொள்ளும். உள்ளங்கையில் அடங்கும் ஜிபிஎஸ் கருவிதான் போன வழியைத் திரையில் கோடாக வரைந்து வைத்திருக்கும். அந்தக் கோட்டின் மேலேயே திரும்ப வேண்டும். போன்களை யாரும் உள்ளே கொண்டுபோவதில்லை. சேறு விழுங்கிய போன்களுக்குத் தனியாக ஒரு கடை வைக்கலாம் என்பான் நெட்டை. எல்லாப் போன்களும் கரையில் நிற்கும் ஜீப்பில் டிரைவரிடம் இருக்கும். உள்ளே போகிறவர்கள் கையில் ஒரு வாக்கிடாக்கி மட்டும்.

அன்று காலை நெட்டைதான் திறப்பில் தலையை நீட்டினான்.

"போன தடவை ஜிபிஎஸ் ரெண்டு வாட்டி தானா அணைஞ்சுதாம். பார்த்துக் குடுக்கச் சொன்னாங்க."

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. நாத்தனார் நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, முழங்கால்வரை ஏறும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள்.

கருவியறைக்காரி பின்மூடியைத் திறந்தாள். பேட்டரி உட்காரும் இரண்டு குழிகளில் கீழ்க்குழியின் ஸ்பிரிங்கில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. திருப்புளி நுனியால் அழுத்திச் சுரண்டினாள். துடைத்தாள். புதுப் பேட்டரி இரண்டைப் போட்டு மூடினாள். திரை பளிச்சென்று எரிந்தது. இப்படிச் சரிசெய்த கருவியைக் கையில் பிடித்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும், கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுப்பாள். ஆனால் அதற்குள் நாத்தனார் திறப்புக்கு வந்து நின்று, கூரையைப் பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரமாம்?" என்பாள். அந்த முகத்தை ஒரு நிமிடம் குறைவாகப் பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. மாற்றுப் பேட்டரி இரண்டைப் பையில் போட்டு நெட்டையிடம் நீட்டிவிட்டாள்.

மதியத்துக்குப் பிறகு பனி இறங்கியது. கடலிலிருந்து அது இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வருவதுண்டு. ஜன்னல் வழியாகத் தெரிந்த கரைமேடு முதலில் போயிற்று. பிறகு வாசல் மரம். பிறகு முற்றத்தில் நின்ற வண்டிகள். கருவியறைக்காரி விளக்கைப் போட்டுக்கொண்டு, 'இந்நேரம் திரும்ப ஆரம்பித்திருப்பார்கள்' என்று நினைத்தாள்.

நிலையத்தின் பொறுப்பாளர் ஓடி வந்தார். பெரிய உடம்புக்காரர். அவர் ஓடி அவள் பார்த்ததேயில்லை.

"உங்க நாத்தனார் வாக்கியில கூப்பிடுறாங்க. ஜிபிஎஸ் நிக்கமாட்டேங்குதாம். அணைஞ்சு அணைஞ்சு போகுதாம்."

அவள் சார்ஜரிலிருந்த வாக்கிடாக்கி ஒன்றை உருவிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். அங்கே நின்றால்தான் தெளிவாகக் கேட்கும்.

"யாரு அது?" என்றது நாத்தனாரின் குரல்.

"நான்தான்."

அவள் வாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பேட்டரியைக் கழற்றிப் போட்டேன்," என்றாள் நாத்தனார். பெயரோ உறவோ சொல்லவில்லை. "பையில இருந்ததையும் மாத்திட்டேன். எரியுது, சாட்டிலைட் தேடுது, அணைஞ்சு போகுது. பத்து வாட்டி ஆச்சு. தண்ணி வர ஆரம்பிச்சிடுச்சு."

"எவ்வளவு?"

"கணுக்காலுக்கு."

பொறுப்பாளர் மேஜையின் மறுகோடியில் மீட்புப் படையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு அவளைப் பார்த்த பார்வையே பாதியைச் சொல்லிவிட்டது. படகு கிளம்பத் தயாராம். ஆனால் இந்த ஆழத்தில் சேற்றுவெளிக்குள் படகு வர முடியாதாம். ஓர் ஆளின் மார்பளவுக்காவது தண்ணீர் ஏற வேண்டுமாம். பனியில் எங்கே என்று தேடுவதும் சிரமமாம்.

படகு வர வேண்டுமென்றால் தண்ணீர் ஏற வேண்டும். தண்ணீர் ஏறினால் படகு வந்து பயன் இல்லை. அவள் குரலை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு இந்தக் குரலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

"திரை வெளிச்சத்தைக் குறை. ரொம்பக் குறை."

"குறைச்சாச்சு."

"பேட்டரி வகைன்னு ஒரு இடம் இருக்கும். சாதா பேட்டரின்னு இருக்கா, சார்ஜ் போடுறதுன்னு இருக்கா?"

"சாதான்னுதான் இருக்கு. அணைஞ்சிடுச்சு மறுபடியும்."

"மூடியைத் திற. உள்ளே ஈரம் இருக்கா?"

"இல்ல. நெட்டை சட்டைக்குள்ள பிடிச்சு துடைச்சுட்டான். உள்சட்டைதான் காஞ்சு இருக்கு."

பின்னாலிருந்து நெட்டையின் குரல் கேட்டது: "அதுவும் இப்ப காயல." வேறு நாளாக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள்.

அவள் அலமாரியைத் திறந்து அதே வகைக் கருவி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நல்லா யோசிச்சுச் சொல்லு. எப்ப அணையுது? எரிய ஆரம்பிச்சதும் உடனேயா, கொஞ்ச நேரம் கழிச்சா?"

"நடந்தா அணையுது."

"நின்னா?"

"நின்னா..." கொஞ்சம் தயங்கினாள். "இப்ப எரியுது. நாங்க அசையாம நிக்கிறோம்."

"முதுகுப் பக்கம் விரலால மெதுவா ஒரு தட்டு தட்டு."

இரைச்சல். பிறகு, "செத்துப் போச்சு," என்றாள் நாத்தனார்.

காலையில் தன் கை திருப்புளியை எப்படி அழுத்தியது என்பது கருவியறைக்காரிக்கு அப்போதுதான் விரலில் திரும்ப உறைத்தது. களிம்போடு சேர்த்து ஸ்பிரிங்கையும் அழுத்திச் சப்பையாக்கிவிட்டிருக்கிறாள். மேஜைமேல் படுத்துக் கிடந்தவரை பேட்டரியை அது தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போகும்போதும் எப்படியோ தாங்கியிருக்கிறது. நடந்து நடந்து தளர்ந்து, இப்போது ஓர் அடி எடுத்து வைத்தாலே அந்தத் தொடுப்பு விட்டுப் போகிறது. ஒருமுறை குலுக்கிப் பார்த்திருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும்.

அவள் வாக்கியை வாயருகே கொண்டுபோனாள். மூடி மறைக்க நேரம் இல்லை.

"கீழ்க்குழியில இருக்கிற ஸ்பிரிங் அழுந்திப் போயிருக்கு. காலையில நான்தான் அழுத்திச் சுரண்டினேன். குலுக்கிப் பார்க்காமக் குடுத்துட்டேன்."

பொறுப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். எங்கோ தூரத்தில் நாத்தனார் மூச்சு விடுவதும், காலைச் சுற்றித் தண்ணீர் நெளிவதும்கூடக் கேட்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

"அதை அப்புறம் பேசிக்கலாம் அண்ணி," என்றாள் நாத்தனார். "இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

"ரெண்டு நிமிஷம் குடு."

அவள் மேஜையிலிருந்த கருவியின் கீழ் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அழுத்திச் சப்பையாக்கினாள். பேட்டரி போட்டுத் தட்டினாள். அணைந்தது. சரி, இதுதான் நோய். தன் கழுத்தோரம் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அதன் நுனியை ஸ்பிரிங்கின் வளையத்துக்குள் விட்டு மெதுவாக மேலே இழுத்தாள். டிக் என்று ஒரு சின்ன ஓசை. ஸ்பிரிங் அடியோடு ஒடிந்து ஊக்கின் நுனியில் தொங்கியது.

விளக்கு வெளிச்சத்தில், காய்ந்த கையால், உட்கார்ந்த இடத்தில் செய்தே ஒடிந்துவிட்டது. அங்கே களிம்பு தின்ற ஸ்பிரிங். குளிரில் விறைத்த விரல்கள். இழுக்கச் சொல்லியிருந்தால் அதுவும் ஒடிந்திருக்கும்.

இழுக்கக் கூடாது. இடைவெளியைத்தான் நிரப்ப வேண்டும். ஏதாவது உலோகம் வேண்டும். சின்னதாக, ஸ்பிரிங்கின் வளையத்துக்குள் உட்காருகிற மாதிரி. அங்கே சேற்றில் நிற்கிறவளிடம் என்ன இருக்கும்? சில்லறை இல்லை. சாவி ஜீப்பில். பெல்ட்டின் கொக்கி பெரிது. யோசித்தபடி தன் காதைத் தடவினாள். அவளுக்கு யோசிக்கும்போது காதைத் தடவும் பழக்கம் உண்டு. விரலில் தோட்டின் திருகாணி நெருடியது.

கழற்றினாள். ஒடிந்த கருவியின் இன்னொரு ஸ்பிரிங்கை, மேல்குழியில் இருப்பதை, அழுத்திச் சப்பையாக்கினாள். திருகாணியை அதற்குள் வைத்தாள். கீழே ஒடிந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டை வளைத்துத் திணித்தாள். பேட்டரிகளைப் போட்டு மூடினாள். எரிந்தது. தட்டினாள். எரிந்தது. குலுக்கினாள். மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். பொறுப்பாளர் திடுக்கிட்டார். திரை அணையவில்லை.

"தண்ணி எங்க இருக்கு?"

"முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே."

"தோடு போட்டிருக்கியா?"

"என்னது?"

"காதுல தோடு. திருகாணி வச்சதா?"

"ஆமா."

"ஒரு திருகாணியைக் கழற்று. நெட்டையைக் கையைக் குவிச்சுப் பிடிக்கச் சொல்லு. அவன் கைக்கு மேலதான் எல்லாம் செய்யணும். கீழ்க்குழியில ஸ்பிரிங் இருக்கிற பக்கம், அந்த வளையத்துக்கு நடுவுல திருகாணியோட தட்டை முகம் பேட்டரியைப் பார்க்கிற மாதிரி வை. அப்புறம் பேட்டரியோட தட்டைப் பக்கத்தை அதுமேல அழுத்திப் போடு."

வாக்கி அமைதியானது. அவள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த வெள்ளைக்குள் எங்கோ, தண்ணீரில் நின்றுகொண்டு, தன் காதைத் தானே தடவிக்கொண்டிருக்கிறாள் ஒரு பெண். தான் மருமகளாக வந்த புதிதில் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே சுற்றியவள். இவள்தான் அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். இதெல்லாம் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது என்று நினைத்ததே பயமாக இருந்தது.

"அண்ணி."

"சொல்லு."

"விழுந்துடுச்சு. அவன் விரல் இடுக்குல போய்த் தண்ணியில விழுந்துடுச்சு."

பொறுப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பரவாயில்ல," என்றாள் அவள். குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "இன்னொரு காது இருக்கு. அவசரப்படாதே. கையை அக்குளுக்குள்ள வச்சுச் சூடு பண்ணிக்கோ. விரல் வளையறவரைக்கும் கழற்றாதே."

"தண்ணி ஏறுது."

"ஏறட்டும். கை சூடாகட்டும்."

இதைச் சொல்லிவிட்டு வாக்கியை மேஜையில் வைத்தாள். பிடித்திருந்தால் தன்னையறியாமல் பொத்தானை அழுத்திவிடுவாள், தன் மூச்சு அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்று பயந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. கணவன்.

"சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா வருவீங்களா, இல்ல தனித்தனியாத்தானா?" என்று கேலியாகக் கேட்டான். "வாசல் சாவி ஒண்ணுதான் இருக்கு, அதான் கேட்டேன்."

"அவ இன்னும் உள்ளே இருந்து வரல," என்றாள். "வந்ததும் சொல்றேன்."

"ஏன் ஒரு மாதிரி பேசுற?"

"சளி," என்று வைத்துவிட்டாள்.

வாக்கியில் நாத்தனார். "வச்சுட்டேன். மூடிட்டேன். எரியுது."

"தட்டிப் பாரு."

"எனக்குப் பயமா இருக்கு."

"தட்டு."

இரைச்சல் நீண்டது.

"எரியுது அண்ணி. தட்டினேன். எரியுது." பிறகு நெட்டையின் குரல், அழுகையா சிரிப்பா தெரியவில்லை: "கோடு வந்திடுச்சு. நாங்க வந்த கோடு வந்திடுச்சு."

"ஒரே கையில நேராப் பிடிச்சுக்கோ. ஆட்டாதே. வேற பொத்தானைத் தொடாதே. கோட்டு மேலேயே வா. நெட்டை உன் இடுப்புப் பட்டையைப் பிடிச்சுக்கட்டும்."

"வாக்கியில சார்ஜ் கம்மின்னு சத்தம் வருது."

"அணைச்சிடு. கரைக்கு வந்தப்புறம் பேசு."

அவள் அதைச் சொல்லும்போது தெளிவாகத்தான் சொன்னாள். அணைந்த பிறகுதான் அந்த அறை எப்படிப்பட்ட அறை என்று தெரிந்தது. அலமாரிகளில் துடைத்து அடுக்கிய கருவிகள் எல்லாம் இருந்தன. எதுவும் பேசவில்லை. பொறுப்பாளர் டிரைவருக்குப் போன் செய்து, ஜீப்பின் ஹாரனை விட்டு விட்டு அடிக்கச் சொன்னார். பனியில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரியாது, அதைக் கேட்டுக் கோட்டை விட்டு விலகிவிடுவார்களோ என்று அவள் நினைத்தாள். உடனே அவரிடம் சொல்லி நிறுத்தச் சொன்னாள். நிறுத்திய பிறகு, அடித்திருந்தால்தான் நல்லதோ என்று நினைத்தாள். பிறகு எதையும் நினைக்க முடியவில்லை.

திருகாணி நழுவலாம். ஈரத்தில் மூடி சரியாக மூடாமல் இருந்திருக்கலாம். தடுக்கி விழலாம். ஓடைகளைக் கடக்க வேண்டிய இடம் இரண்டு உண்டு, காலையில் அங்கே தண்ணீரே இருந்திருக்காது. இப்போது இடுப்பா, கழுத்தா? மேஜையிலிருந்த கருவியை அவள் கையில் எடுத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். அது எரிந்துகொண்டே இருந்தது. அதில் என்ன ஆறுதல் இருக்கிறது என்று தெரியாமலேயே குலுக்கினாள்.

பொறுப்பாளர் தேநீர் கொண்டு வந்து வைத்தார். அது ஆறி ஆடை கட்டியது. இரண்டு முறை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். மூன்றாவது முறை அவர் எழுந்தபோது அவர் போன் அடித்தது. டிரைவர். பொறுப்பாளர் கேட்டுக்கொண்டே நின்றார். அவர் முகத்திலிருந்து அவளால் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"வந்துட்டாங்க," என்றார். "ரெண்டு பேரும்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை.

ஜீப் வாசலில் வந்து நின்றபோது அவள் கம்பளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். நெட்டை முதலில் இறங்கினான். மார்புவரை சேறு. அவளைப் பார்த்து ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான், வரவில்லை, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். நாத்தனார் இறங்கவில்லை. பின்னிருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. வலது கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது. உள்ளங்கையில் கருவி. திரை எரிந்துகொண்டிருந்தது.

"இறங்கு. வா," என்றாள் அண்ணி.

"கடைசி ஓடையில கழுத்துவரைக்கும் வந்துச்சு," என்றாள் நாத்தனார். அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்துப் பேசினாள். "இதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சேன். அப்போ திரை தெரியல. எரியுதா அணைஞ்சிடுச்சான்னு தெரியல. அண்ணாந்து பார்த்தா கால் வழுக்கும். பார்க்காமலேயே நடந்தேன்."

அண்ணி கம்பளியை அவள் தோளில் போட்டாள். கையிலிருந்த கருவியை வாங்கப் போனாள். விரல்கள் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"உங்க மேல எனக்கு ரொம்பக் கோபம் இருக்கு," என்றாள் நாத்தனார். "வீட்டுக்குப் போய் நல்லாத் திட்டுவேன்."

"திட்டு. எவ்வளவு வேணா திட்டு."

"அண்ணன்கிட்ட சொல்லலையே?"

"இல்ல."

"ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லலாம்." அவள் ஜீப்பிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தாள். கால் தரையில் பட்டதும் சட்டென்று நின்றுவிட்டாள். சிமெண்டுத் தரைதான். அதை ஒரு முறை மிதித்துப் பார்த்து, கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். பிறகுதான் அடுத்த கால். அண்ணியின் புஜத்தை இறுகப் பற்றிக்கொண்டு அப்படியே, ஒவ்வோர் அடியாக மிதித்துப் பார்த்துத்தான், கருவியறைவரை வந்தாள்.

உள்ளே நாற்காலியில் உட்காரவைத்துப் பூட்ஸைக் கழற்றிவிட்டபோது நாத்தனார், தன் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்த கருவியைச் சுட்டினாள்.

"அதை அணைக்கலையா?"

அண்ணி எழுந்து போய்ப் பொத்தானில் விரலை வைத்தாள். திரையில் கரையிலிருந்து உள்ளே போன கோடும், அதே கோட்டின்மேல் திரும்பி வந்த கோடும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. கடைசி ஓடை இருந்த இடத்தில் மட்டும் இரண்டும் விலகி, நெளிந்து, மறுபடி சேர்ந்திருந்தன. விரலை அழுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

"நீங்களே அணைங்க அண்ணி. என்னால முடியாது."

"இருக்கட்டும்," என்றாள் அண்ணி. விரலை எடுத்துவிட்டு வந்து, மண்டியிட்டு, அடுத்த பூட்ஸைப் பிடித்து இழுத்தாள். உள்ளேயிருந்து கடல்தண்ணீர் தரையெங்கும் கொட்டியது.